எந்த வீட்டுக்கு எந்தத் திரை? எல்சிடி, மினி எல்இடி, ஓஎல்இடி: ஓர் ஒப்பீடு

கும்பகோணத்தில் அப்பா வீட்டு டிவி போன ஆடி மாதத்தில் ஒரு மாலை இருண்டுவிட்டது. சத்தம் வந்துகொண்டிருந்தது, படம் இல்லை. செய்தி வாசிப்பவரின் குரல் கணீரென்று கேட்க, திரை மட்டும் கரும்பலகையாக நின்றது. மெக்கானிக் வந்தார். கூடத்து விளக்கை அணைக்கச் சொன்னார். டார்ச்சைத் திரையோடு ஒட்டிப் பிடித்துச் சாய்வாக ஒளியைப் பாய்ச்சினார். அந்தச் சிறு வட்டத்துக்குள் செய்தி வாசிப்பவரின் முகம் மங்கலாகத் தெரிந்தது. "படம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, உள்ளே விளக்குதான் போய்விட்டது" என்றார்.

டிவி வாங்கக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை பார்க்க வேண்டிய காட்சி அது. ஷோரூமில் ஒட்டியிருக்கும் எல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி என்ற பெயர்கள் எல்லாம் கடைசியில் ஒரே கேள்விக்கான வெவ்வேறு பதில்கள்: படத்துக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் விற்பனையாளர் சொல்வதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

அந்த டிவிக்கு ஏற்கெனவே ஒருமுறை பின்னொளிப் பட்டைகள் மாற்றியாகிவிட்டது. மறுபடியும் செலவழிக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதே சமயத்தில் சென்னையில் என் வீட்டுக்கும் கோவையில் அக்கா வீட்டுக்கும் டிவி தேவைப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது காத்திருந்ததற்கு உதவியது. மூன்று வீடுகளுக்கும் ஒரே மாடலை மொத்தமாக வாங்கித் தள்ளுபடி கேட்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று வாரம் கடை கடையாக ஏறி இறங்கிய பிறகு மூன்று வீடுகளுக்கும் மூன்று வேறு திரைகள் வாங்கினோம். அதற்கான காரணங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெயர்களுக்குப் பின்னால்

"எல்இடி டிவி" என்று நாம் பத்துப் பதினைந்து ஆண்டுகளாகச் சொல்லிவருவது உண்மையில் எல்சிடி டிவிதான். திரவப் படிகங்கள் கொண்ட கண்ணாடிப் பலகை முன்னால். வெளிச்சம் தரும் விளக்குகள் பின்னால். படிகங்கள் தாமாக ஒளிர்வதில்லை. ஜன்னல் சட்டங்களைப் போல ஒளியை விடவும் மறைக்கவும் மட்டுமே அவற்றுக்குத் தெரியும். முதலில் வந்த எல்சிடி டிவிகளில் பின்னால் மெல்லிய குழல் விளக்குகள் இருந்தன. அவற்றுக்குப் பதிலாக எல்இடி வந்ததும் விளம்பரத்தில் டிவியின் பெயரே மாறிவிட்டது. மெக்கானிக்கின் டார்ச் செய்தது அந்த எல்இடிகள் செய்ய வேண்டிய வேலையைத்தான்.

க்யூஎல்இடி என்பதும் எல்சிடிதான். பின்னாலிருக்கும் நீல ஒளிக்கும் முன்னாலிருக்கும் பலகைக்கும் நடுவே குவாண்டம் புள்ளிகள் பதித்த ஒரு படலம் கூடுதலாக இருக்கும். இந்தப் புள்ளிகள் சில நானோமீட்டர் அளவேயான படிகத் துகள்கள். துகளின் அளவைப் பொறுத்து அது உமிழும் நிறம் மாறும். நீல ஒளியை வாங்கிக்கொண்டு, பெரிய துகள் சுத்தமான சிவப்பையும் சிறிய துகள் சுத்தமான பச்சையையும் தரும். இதைக் கண்டறிந்து உருவாக்கியதற்காக 2023இல் மௌங்கி பவெண்டி, லூயி புரூஸ், அலெக்ஸி எகிமோவ் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அருமையான அறிவியல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது நிறத்தை மட்டுமே மேம்படுத்துகிறது. கறுப்பை ஆழமாக்குவதில்லை, பக்கவாட்டிலிருந்து பார்ப்பதைச் சரிசெய்வதில்லை. 2017இல் சாம்சங் இந்தப் பெயரைப் பரப்பிய நாளிலிருந்து ஓஎல்இடி, க்யூஎல்இடி என்ற இரண்டு சொற்களும் ஒன்றுபோல ஒலித்து மக்களைக் குழப்புகின்றன. ஒரு கடையில் விற்பனையாளரே ஒன்றை மற்றொன்றின் அடுத்த தலைமுறை என்று விளக்கினார். இரண்டும் வேறு வேறு குடும்பங்கள்.

ஓஎல்இடியில் பின்னொளி கிடையாது. கரிமச் சேர்மங்களாலான மெல்லிய அடுக்கில் மின்சாரம் பாயும்போது ஒவ்வொரு பிக்சலும், அதாவது படத்தின் ஒவ்வொரு சிறு புள்ளியும், தானே ஒளிர்கிறது. வேண்டாதபோது முற்றிலும் அணைந்துவிடுகிறது. 1987இல் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் இதற்கு வழிகாட்டினார்கள். 2007இல் சோனி விற்ற முதல் ஓஎல்இடி டிவி 11 அங்குலம்தான். 55 அங்குலம் கடைக்கு வர 2013 ஆனது. இப்போது இதில் இரண்டு கிளைகள் இருக்கின்றன. எல்ஜி தயாரிக்கும் பலகைகளில் வெள்ளை ஒளிமீது நிற வடிகட்டிகள் இருக்கும். 2022இல் சாம்சங் கொண்டுவந்த வகையில் நீல ஓஎல்இடிமீது குவாண்டம் புள்ளிகள் அமர்ந்து சிவப்பையும் பச்சையையும் தருகின்றன. சோனி போன்ற நிறுவனங்கள் இவ்விருவரிடமும் பலகை வாங்கித் தங்கள் டிவியில் பொருத்துகின்றன.

இரண்டு குடும்பங்களுக்கும் நடுவில் நிற்பது மினி எல்இடி. இதுவும் எல்சிடிதான். ஆனால் பின்னாலிருக்கும் விளக்குகள் கடுகைவிடச் சிறியவை, ஆயிரக்கணக்கில் இருப்பவை. அவற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, படத்தில் இருட்டான இடத்துக்குப் பின்னால் விளக்கைத் தாழ்த்தி, வெளிச்சமான இடத்தில் கூட்டுவார்கள். இதற்கு லோக்கல் டிம்மிங் என்று பெயர். 2019இல் டிசிஎல் இதை முதலில் டிவியில் விற்றது. இன்று ஏறத்தாழ எல்லா நிறுவனங்களிடமும் உண்டு.

விளக்கே சிவப்பு, பச்சை, நீலமாக இருக்கும் ஆர்ஜிபி வகையை 2025இல் ஹைசென்ஸ் 116 அங்குலத்திலும் சாம்சங் 115 அங்குலத்திலும் கொண்டுவந்தன. ஒவ்வொரு பிக்சலுமே நுண்ணிய எல்இடிகளாலான மைக்ரோ எல்இடி இன்னும் பெருஞ்செல்வர்களின் சுவருக்கு மட்டும்தான். இவ்விரண்டையும் நம் கணக்கில் சேர்க்கவில்லை.

அப்பாவின் கூடம்

பழைய வீடு. முற்றத்திலிருந்து காலை எட்டு மணிக்குள் வெளிச்சம் கூடத்தில் இறங்கிவிடும், மாலை ஐந்துவரை இருக்கும். அதன் பிறகு இரண்டு டியூப் லைட். இருட்டில் டிவி பார்க்கும் வழக்கமே அந்த வீட்டில் கிடையாது. அப்பாவின் சாய்வு நாற்காலி டிவிக்கு நேர் எதிரே. அம்மா உட்காருவது சமையலறை வாசலருகே, திரைக்கு ஏறத்தாழப் பக்கவாட்டில். முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே தலையைத் திருப்பி நாடகம் பார்ப்பார். பக்கத்து வீட்டு அத்தை வந்தால் திண்ணைக் கதவோரம் மறுபக்கத்தில் உட்காருவார். காலையில் ஆரம்பித்து இரவுவரை செய்திச் சேனல், நடுவே நாடகங்கள். படுக்கப் போகும்போது சுவரில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் அப்பா போவார்.

இந்த ஒவ்வொரு பழக்கமும் ஒரு திரையை உள்ளே அழைக்கிறது அல்லது வெளியே தள்ளுகிறது.

முதலில் ஓஎல்இடி. பணம் சேர்த்துப் போட்டு அப்பாவுக்கு மிக உயர்ந்ததையே வாங்கிக் கொடுக்கும் ஆசை எனக்கு இருந்தது. பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத திரை அது. அம்மாவுக்கும் அத்தைக்கும் ஏற்றது. ஆனால் தமிழ்ச் செய்திச் சேனல் ஒன்றைச் சற்று உற்றுப் பாருங்கள். மூலையில் சேனலின் சின்னம். கீழே "முக்கியச் செய்தி" என்று அசையாத சிவப்புப் பட்டை. அதற்கும் கீழே ஓடும் எழுத்து வரி. நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் அதே இடத்தில் அதே நிறம். ஓஎல்இடியின் கரிமப் பொருள் ஒளிர ஒளிரத் தேயும். ஓரிடத்துப் பிக்சல்கள் மற்றவற்றைவிட அதிகம் உழைத்தால் அவை முன்னதாகவே மங்கும். அந்த மங்கல் சின்னத்தின் வடிவத்திலேயே திரையில் தழும்பாக நின்றுவிடும்.

இது வெறும் அச்சமா என்று பார்க்கத் தேடினேன். கனடாவின் ஆர்டிங்ஸ் நிறுவனம் 2018இல் ஆறு ஓஎல்இடி டிவிகளை வாங்கி, நாளுக்கு 20 மணி நேரம் வெவ்வேறு நிகழ்ச்சிகளை ஓடவிட்டது. சிஎன்என் செய்திச் சேனல் ஓடியவற்றில் தழும்பு விழுந்தது. 20 மணி நேரம் என்பது எந்த வீட்டிலும் நடக்காத அளவு என்பதும், அதற்குப் பிறகு பலகைகள் நன்றாக முன்னேறியிருக்கின்றன என்பதும் உண்மை. படங்களும் தொடர்களும் மாற்றி மாற்றிப் பார்க்கும் வீட்டில் இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் அப்பாவின் பார்வைப் பழக்கம் அந்தச் சோதனைக்கு மிக அருகில் இருக்கிறது.

அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது மெயின் சுவிட்ச். ஓஎல்இடி டிவி இந்தத் தேய்மானத்தைத் தானே சமன்படுத்திக்கொள்ளும். பொதுவாக 4 மணி நேரம் ஓடிய பிறகு, ரிமோட்டில் அணைத்ததும் உள்ளுக்குள் சில நிமிடங்கள் பிக்சல்களைச் சரிபார்க்கும் வேலை நடக்கும். திரை கறுத்திருக்கும், டிவி உறங்குவதுபோல் இருக்கும். ஆனால் வேலை நடந்துகொண்டிருக்கும். அப்போது சுவரில் மின்சாரம் இருக்க வேண்டும். ரிமோட்டில் அணைத்த கையோடு பிளக் பாயிண்டையும் அணைக்கும் வீட்டில் அந்த வேலை ஒருநாளும் முடிவதில்லை. இடி மின்னலுக்கும் மின்கட்டணத்துக்கும் பயந்து தலைமுறையாக நாம் வளர்த்துக்கொண்ட நல்ல பழக்கம் இது. 75 வயதில் அதை மாற்றிக்கொள்ளச் சொல்லி அப்பாவிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஓஎல்இடி விலகியது.

அடுத்து மினி எல்இடி. இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எந்த ஷோரூமிலும் இதை எழுதி ஒட்டுவதில்லை. எல்சிடி பலகைகளில் பெரும்பாலும் இரண்டு வகை உண்டு: விஏ, ஐபிஎஸ். ஐபிஎஸ் இனத்தைச் சேர்ந்ததே ஏடிஎஸ் என்பதும். விஏ பலகை ஒளியை நன்றாக மறைக்கும். அதனால் கறுப்பு ஆழமாக இருக்கும். அதன் வெளிச்சத்துக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் 3000க்கு 1 முதல் 6000க்கு 1 வரை போகும். ஐபிஎஸ்ஸில் அது ஏறத்தாழ 1000க்கு 1 தான். இருட்டறையில் அதன் கறுப்பு சாம்பலாகத் தெரியும். ஆனால் விஏ பலகையை நேர் எதிரே உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நகர நகர முகங்கள் வெளுத்து, நிறம் கரைந்துவிடும். ஐபிஎஸ்ஸில் அந்தக் குறை மிகக் குறைவு. மினி எல்இடி டிவிகளில் பெரும்பாலானவை விஏ.

இணையத்தில் நிபுணர்கள் எழுதும் மதிப்பீடுகளில் ஐபிஎஸ் டிவிக்கு எப்போதும் திட்டுதான் விழும். விளக்கை அணைத்துவிட்டு, நேர் எதிரே அமர்ந்து சோதிப்பவர்களுக்கு அது நியாயம். முற்றத்து வெளிச்சத்திலும் டியூப் லைட்டிலும் பார்க்கும் கூடத்தில் ஆழமான கறுப்பு என்பது கண்ணுக்கு எட்டாத ஒன்று. திரைமீது விழும் வெளிச்சமே கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். அந்தக் கூடத்தில் விஏ பலகையின் பெருமை வீண். ஐபிஎஸ்ஸின் குறை மறைந்துவிடும், பலன் மட்டும் நிற்கும். பழைய பெரிய பெட்டி டிவியை நினைத்துப் பார்க்கிறேன். 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டியைக்கூட எந்த மூலையிலிருந்தும் தெருவே கூடிப் பார்க்க முடிந்தது. தட்டைத் திரைக்கு மாறியபோது அம்மா போன்றவர்கள் இழந்தது அந்தப் பக்கப் பார்வையைத்தான். யாரும் அவர்களிடம் கேட்டு அதை எடுத்துக்கொள்ளவில்லை.

அப்பாவின் கூடத்துக்கு ஐபிஎஸ் பலகை கொண்ட, சாதாரண 50 அங்குல 4கே எல்சிடி டிவியே போதும், போதும் என்பதைவிட அதுவே சரி என்று முடிவு செய்தேன். விலை ஓஎல்இடியில் பாதிகூட இல்லை. ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டேன்: விளக்குகள் ஓரத்தில் மட்டும் இருக்கும் வகை வேண்டாம், பலகை முழுவதற்கும் பின்னால் பரவியிருக்கும் வகை வேண்டும். ஓரவிளக்கு டிவி மெலிதாக, அழகாக இருக்கும். ஆனால் எல்லா விளக்குகளும் ஓரத்தில் நெருக்கமாக நின்று ஒரே இடத்தைச் சூடாக்குகின்றன. ஆர்டிங்ஸ் பின்னர் 100 டிவிகளை நெடுங்காலம் ஓடவிட்டபோதும் ஓரவிளக்கு வகையில்தான் பின்னொளிப் பழுதுகள் அதிகம் தெரிந்தன. மெலிவு என்பது சுவரில் மாட்டிய முதல் வாரம் மட்டுமே கண்ணில் படும் அழகு.

இன்னொரு நன்மையும் உண்டு. பின்னொளிப் பட்டை போனால் கும்பகோணத்திலேயே மாற்றித் தரும் கை இருக்கிறது. பட்டையில் விளக்குகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒன்று போனால் வரிசையே போகும், ஆனால் பட்டையை வாங்கி மாற்றிவிடலாம். ஓஎல்இடி பலகை போனால் மாற்றுவதற்கு ஆகும் செலவில் புது டிவியே வந்துவிடும்.

என் வீடு

சென்னையில் என் வீட்டுக் கதை நேர்மாறு. இரண்டு பேர். சோபா திரைக்கு நேர் எதிரே, எட்டடித் தொலைவில். பகலில் டிவி ஓடுவதில்லை. இரவு ஒன்பதரைக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டு ஒரு படம், அல்லது தொடரில் இரண்டு பாகம். செய்தி கைப்பேசியில்.

இங்கே ஓஎல்இடியையும் மினி எல்இடியையும் அருகருகே வைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். அந்தக் கடை மேலாளர் பொறுமைசாலி. பென் டிரைவில் நான் கொண்டுபோன காட்சிகளைப் போட அனுமதித்தார். ஷோரூமில் எப்போதும் ஓடும் பூக்கள், கிளிகள், பழங்கள் எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும், அவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நான் கொண்டுபோனவை மூன்று: இரவில் ஒற்றை அகல்விளக்கு எரியும் காட்சி, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, மழையில் நனைந்த தார்ச்சாலையில் வண்டி விளக்குகள்.

அகல்விளக்குக் காட்சியில் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. 4கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்கள். 500 பகுதிகள் கொண்ட மினி எல்இடியில் ஒவ்வொரு பகுதிக்கும் பின்னாலிருக்கும் விளக்கு 16,000க்கும் மேற்பட்ட பிக்சல்களுக்குச் சேர்த்து வெளிச்சம் தருகிறது. சுடர் இருக்கும் இடத்தில் விளக்கைக் கூட்டினால் சுடரைச் சுற்றியுள்ள இருட்டுக்கும் அந்த வெளிச்சம் கசியும். சுடரைச் சுற்றி ஓர் ஒளிவட்டம். கறுப்பில் எழுதிய வெள்ளை எழுத்தைச் சுற்றிப் பனிமூட்டம். அதைக் குறைக்க டிவி விளக்கைத் தாழ்த்தினால் சுடரே சோர்ந்துபோகும். ஓஎல்இடியில் சுடர் சுடராக எரிந்தது, அடுத்த பிக்சலில் இருட்டு முழுமையாக இருந்தது. பகுதிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் விலையுயர்ந்த மினி எல்இடிகளில் இந்தக் கசிவு வெகுவாகக் குறைகிறது, முற்றிலும் மறைவதில்லை. அந்த விலைக்கு வந்துவிட்டால் ஓஎல்இடியே கைக்கு எட்டிவிடுகிறது.

அசைவிலும் வேறுபாடு உண்டு. திரவப் படிகம் திரும்ப ஒரு நேரம் எடுக்கும். ஓஎல்இடி பிக்சல் உடனே மாறும். ஓடும் வண்டியின் பின்னால் இழுபடும் நிழல் ஓஎல்இடியில் இல்லை. ஆனால் இந்தக் கூர்மைக்கு ஒரு பக்கவிளைவு: நொடிக்கு 24 பிரேம்களில் எடுத்த திரைப்படத்தில் கேமரா மெதுவாக நகரும்போது படம் படிப்படியாகத் தாவுவதுபோல் சிலருக்குத் தோன்றும். என் மனைவிக்குத் தோன்றியது. அசைவைச் சற்று மென்மையாக்கும் அமைப்பைக் குறைந்த அளவில் வைத்ததும் பழகிவிட்டது.

ஓஎல்இடி வெளிச்சம் குறைந்தது என்ற பேச்சு பாதி உண்மை. சிறிய இடத்தில் அது கண்ணைக் கூசவைக்கும் அளவுக்கு ஒளிரும். திரை முழுவதும் வெள்ளையானால் சூட்டையும் மின்சாரத்தையும் கட்டுப்படுத்தத் தானே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். பகலில் ஜன்னல் திறந்த ஹாலில் இது உறுத்தும். குவாண்டம் புள்ளி வகை ஓஎல்இடியில் இன்னொன்றும் கவனித்தேன்: கடை விளக்குகளின் கீழ் அதன் கறுப்பு சற்று ஊதா கலந்த சாம்பலாகத் தெரிந்தது. வெளிவெளிச்சத்தை விழுங்கும் தகடு அதில் இல்லை என்பதே காரணம். இரவு ஒன்பதரைக்கு விளக்கை அணைக்கும் என் வீட்டில் இரண்டும் பொருட்டல்ல.

55 அங்குல ஓஎல்இடி வாங்கினேன். என் தேவைக்கு மேலான விலை என்று உறவில் சிலர் சொன்னார்கள். ஒரு நாளில் எனக்கென்று இருக்கும் இரண்டு மணி நேரத்தை அதன் முன்னால் கழிக்கிறேன். அந்த இருட்டின் ஆழத்துக்குக் கொடுத்த பணத்துக்காக நான் ஒருமுறைகூட வருந்தவில்லை. பிளக் பாயிண்டின் மேல் "அணைக்க வேண்டாம்" என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். இடி இடித்தால் மட்டும் பிளக்கையே உருவிவிடுகிறோம்.

அக்கா வீடு

கோவையில் அக்காவுக்கு 65 அங்குலம் வேண்டும். மாமா கிரிக்கெட் பார்ப்பவர், அதுவும் பட்டப்பகலில், பால்கனிக் கதவைத் திறந்துவைத்து. பையன்கள் விளையாட்டுக் கன்சோலை ஆன் செய்தால் மணிக்கணக்கில் ஒரே மதிப்பெண் பலகை திரையில் நிற்கும். எல்லோரும் நேர் எதிரே நீண்ட சோபாவில் அமர்வார்கள். யோசிக்கவே தேவையில்லை: விஏ பலகை மினி எல்இடி. முழுத் திரையும் பச்சை மைதானமாக இருக்கும்போது வெளிச்சத்தை அதிகம் குறைத்துக்கொள்ளாத திரை அதுதான். தழும்பு விழும் பயமும் இல்லை. விளையாட்டுக்காக 120 ஹெர்ட்ஸ் பலகையா, அதாவது நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிப்பதா என்று உறுதிப்படுத்திக்கொண்டோம். அட்டைப்பெட்டியில் "மோஷன் ரேட்" என்று போட்டிருக்கும் பெரிய எண்ணை அப்படியே நம்பக் கூடாது, பலகையின் உண்மையான ஹெர்ட்ஸ் என்ன என்று தனியாகக் கேட்க வேண்டும். கன்சோலிலிருந்து அந்த வேகத்தில் 4கே படத்தை வாங்கும் எச்டிஎம்ஐ 2.1 இணைப்பு இருக்கிறதா என்றும் பார்த்தோம்.

பெரும்பாலான வீடுகள் அக்கா வீட்டைப் போலத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. பகல் வெளிச்சம், குழந்தைகள், கிரிக்கெட், எப்போதாவது இரவில் ஒரு படம். அப்படிப்பட்ட வீட்டில் நடுத்தர விலை மினி எல்இடியை எடுத்தால் தவறாகப் போக வாய்ப்பு குறைவு. லோக்கல் டிம்மிங் இல்லாத வெறும் க்யூஎல்இடிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைத்தான் நான் தடுப்பேன். அந்தப் பணத்தைச் சேர்த்து மினி எல்இடிக்கு ஏறலாம், அல்லது சாதாரண எல்சிடிக்கு இறங்கி மிச்சம் பிடிக்கலாம்.

கடையில் செய்ய வேண்டியவை

விஏயா ஐபிஎஸ்ஸா என்று கேட்டால் பல கடைகளில் பதில் வராது. ஒரே மாடல் பெயரில்கூட 43 அங்குலத்தில் ஒன்றும் 55இல் மற்றொன்றும் இருப்பதுண்டு. கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். திரையில் ஒரு மனித முகம் இருக்கும்போது நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். நேர் எதிரே நின்று பார்த்துவிட்டு, மெல்லப் பக்கவாட்டில் நடந்து போங்கள். முகம் வெளுத்தால் விஏ. வெளுக்காமல் நின்று, ஆனால் இருண்ட காட்சி சாம்பலாகத் தெரிந்தால் ஐபிஎஸ். அம்மா உட்காரும் கோணத்தில் நானே தரையில் உட்கார்ந்து பார்த்தேன்.

கடையில் எல்லா டிவியும் உச்ச வெளிச்சத்தில், "விவிட்" முறையில் ஓடும். ரிமோட்டை வாங்கி "சினிமா" அல்லது "ஃபிலிம்மேக்கர்" முறைக்கு மாற்றிப் பாருங்கள். வீட்டில் பார்க்கப்போவது அந்தப் படம்தான். முதல் நிமிடம் மஞ்சளாக, மங்கலாகத் தோன்றும்; கண் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள்.

நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்பதையும் மறக்காதீர்கள். கேபிளில் வரும் சாதாரணத் தரச் சேனலின் படம் 720க்கு 576 பிக்சல். 4கே திரை அதில் ஒவ்வொரு பிக்சலையும் 20 பிக்சலாக ஊதிப் பெருக்க வேண்டும். அந்த ஊதல் வேலையைப் பலகை செய்வதில்லை, டிவியின் செயலி செய்கிறது. கேபிள் மட்டுமே ஓடும் வீட்டில் 65 அங்குலத்தைவிட 43 அல்லது 50 அங்குலத்தில் படம் கூர்மையாகத் தெரியும். அப்பாவுக்கு 50இல் நிறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். டிவியோடு எச்டி இணைப்பும் எடுத்துக் கொடுத்தேன். புது டிவியால் கிடைத்ததைவிடப் பெரிய வேறுபாடு அதில்தான் கிடைத்தது என்று சொல்வேன்.

மின்கட்டணம் பற்றி அப்பா கேட்டார். 120 வாட் எடுக்கும் டிவி நாளுக்கு 6 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 43 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற கணக்கில் வாழும் வீட்டில் அது சிறிய எண் அல்ல. எல்சிடியில் பின்னொளியைத் தாழ்த்தினால் இந்த எண்ணும் இறங்கும், விளக்குகளின் ஆயுளும் கூடும். பழைய டிவியின் பின்னொளி ஏழு ஆண்டுகளாக 100இலேயே நின்றிருந்தது என்பதை அது போன பிறகுதான் நான் பார்த்தேன். அந்த வருத்தம் எனக்கு உண்டு. வாங்கிக் கொடுத்தவன் நான், அமைத்துக் கொடுக்காமல் வந்தவனும் நான்.

இந்த முறை டிவி வந்த அன்று கும்பகோணத்தில் இருந்தேன். மாட்ட வந்தவர் கிளம்புவதற்கு முன்பே திரை முழுவதும் சாம்பல் நிறம் வரும் ஒரு படத்தைப் போட்டு, கீறலோ கறையோ இருக்கிறதா என்று பார்த்தோம். அட்டைப்பெட்டியைப் பரணில் ஏற்றினோம். விவிட் முறையை எடுத்துவிட்டு, பின்னொளியை 100இலிருந்து 45க்கு இறக்கினேன். மங்கலாக இருக்கிறது என்றார் அம்மா, சமையலறை வாசலிலிருந்து. 60க்கு ஏற்றினேன். அங்கிருந்து முகம் தெரிகிறதா என்று கேட்டேன். நாடகத்தில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். அம்மா பதில் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். 60லேயே விட்டுவிட்டேன்.